பாதி காட்டிய முள்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்று மாதம் என்று சொல்லிக்கொண்டு வந்த நான் மூன்றாவது வருடத்தில் இருந்தேன். வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் வீட்டு மாடியில், மாமனார் வாங்கிய மின்விசிறிக்கு அடியில் படுத்து, காலையில் எழுந்ததும் மாமனாரின் காரை ஓட்டுகிறவன். தொழில் என்னவென்று கேட்டால் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் என்பேன். தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவர்களுக்கு நான் டிரைவர்.

மாமனாருக்குக் காது கேட்காது. முப்பத்தெட்டு வருடம் தகடு அடிக்கும் பட்டறையில் ஃபோர்மேன். பிரஸ் மெஷின் முதலில் வலது காதை வாங்கிக்கொண்டது, ஓய்வு பெறுவதற்குள் இடது காதையும். காதில் மாட்டும் கருவி வாங்கிக் கொடுத்தோம். "ஸ்பூன் விழுந்தா பிரஸ் விழற மாதிரி இருக்கு" என்று கழற்றி டிராயரில் போட்டவர், அப்புறம் அந்த டிராயரைத் திறக்கவே இல்லை. அவரிடம் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்லவேண்டும். எங்கள் வீட்டு ரகசியத்துக்கு எதிர்வீட்டுக்காரர்தான் முதலில் தலையாட்டுவார்.

காது கேட்காதவர் எப்படிக் கார் ஓட்டுவார் என்று கேட்பீர்கள். முள்ளைப் பார்த்து ஓட்டுவார். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் ஒன்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் வட்டமாக, பெரிதாக இருந்தது. எஞ்சின் உறுமினால் நமக்குக் கியர் மாற்றத் தோன்றும். அவருக்கு முள் இரண்டாயிரத்து ஐந்நூறைத் தொட்டால் கை தானாகப் போகும். காது போன பிறகும் பத்து வருடம் அப்படித்தான் ஓட்டினார், ஒருமுறைகூட எங்கும் இடித்ததில்லை.

கெடுத்தது நான். போன வருடம் பழைய எஞ்சின் செத்தது. அதே அளவில் புதுக் காலத்து எஞ்சின் ஒன்று கிடைத்தது. நானே முன்னால் நின்று மாற்றினேன். பழையதில் மின்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தது. பொறி எழுப்பும் சுருள், அதாவது காயில், ஒன்றே ஒன்று. அதிலிருந்து மீட்டருக்கு ஒரே ஒயர், முள் ஆடும். புதியதில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். ஒயரை எங்கே கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சுருட்டி டேப் ஒட்டி உள்ளே தள்ளினேன். மறுநாள் மாமனார் அந்தக் காரை எடுத்து, மார்க்கெட் வரைக்கும் முதல் கியரிலேயே போனார். புகையைப் பார்த்து யாரோ நிறுத்தினார்களாம். நடந்தே திரும்பி வந்தார். சாவியை என் உள்ளங்கையில் வைத்து, "இனிமே நீங்களே ஓட்டுங்க மாப்ள" என்றார்.

ஆப்பசைத்த குரங்கு கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நான்தான். மருத்துவரிடம் நான், மார்க்கெட்டுக்கு நான், பழைய பட்டறை நண்பர்களோடு சீட்டாட நான். அவர் ஆடி முடிக்கும்வரை மரத்தடியில் காருக்குள் நான். எட்டு மாதம்! புது டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கிவந்து காட்டினேன். "நம்பரைப் படிச்சுக்கிட்டிருந்தா ரோட்டை யாரு பாக்கறது? முள்ளுன்னா ஓரக்கண்ணுலயே தெரியும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இதற்கு நடுவில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், மாமனார் உட்காரும் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி உடைந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியும் இறங்காது. வெளியிலிருந்து யாராவது திறந்தால்தான் இறங்க முடியும். வண்டியை நிறுத்திவிட்டு நான் சுற்றிவந்து அவருக்குத் திறந்துவிடவேண்டும். உள்ளதைச் சொல்கிறேன், கோபமாக இருக்கும் நாட்களில் நான் சீக்கிரம் திறக்கமாட்டேன். டயரை உதைத்துப் பார்ப்பேன், போனை எடுத்துப் பார்ப்பேன். அவர் நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கைப்பிடி மாற்றுவது பத்து நிமிட வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று நான்கு மாதம் ஓடிவிட்டது.

அப்போதுதான் துறைமுகத்திலிருந்து கடிதம் வந்தது. கிரேன்களுக்கு எலெக்ட்ரீஷியன், தங்க இடம் உண்டு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து சேரவேண்டும், தவறினால் அடுத்த ஆள். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன்.

மனைவி முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீங்க போங்க, ஒரு மாசத்துல நான் வரேன். ஆனா அப்பாவை இப்படி முடக்கிப் போட்டுட்டு என்னால வர முடியாது. அந்த முள்ளை ஓட வச்சுட்டுப் போங்க."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா நீங்களே அங்க போய் இருங்க. நான் இங்க இருந்து அப்பாவுக்கு வண்டி ஓட்டக் கத்துக்கறேன்."

சனிக்கிழமை டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்தேன். கால் இரண்டும் வெளியே, தலை பெடலுக்குப் பக்கத்தில். கம்ப்யூட்டரிலிருந்து மீட்டருக்கென்றே ஒரு ஒயர் வருகிறது என்று படித்திருந்தேன். கொடுத்தேன். முள் அசையவில்லை. புது மீட்டருக்கு அந்தச் சின்னத் துடிப்பு போதும். இந்தக் கிழட்டு மீட்டருக்குக் காயிலிருந்து வரும் பலமான உதை வேண்டும். சாயங்காலம் அந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுக் காயிலிலேயே நேராகக் கொடுத்தேன். முள் துள்ளி எழுந்தது! எத்தனையில் நிற்கிறது என்றுகூடப் பார்க்காமல் நான் போட்ட கூச்சலில் மாமனாரே திரும்பிப் பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். எட்டு மாதத்துக்கு அப்புறம் அவர் டிரைவர் சீட்டில். நான் பக்கத்தில், மனைவி பின்னால். எஞ்சினை எழுப்பினார். முள் நானூறில் நின்றது. எந்த எஞ்சினும் நானூறில் நிற்காது. குறைந்தது எண்ணூறு வேண்டும்.

தெருமுனை தாண்டுவதற்குள் புரிந்துவிட்டது. புது எஞ்சினில் காயில் இரண்டு. பாதிப் பொறி இதன் வழியாக, மீதிப் பாதி அதன் வழியாக. மடையன் நான், ஒன்றில் மட்டும் ஒயர் கொடுத்திருந்தேன். மீட்டர் பாதியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

மாமனார் முதல் கியரில் அழுத்திக்கொண்டே போனார். முள் ஆயிரம் என்றது, எஞ்சின் இரண்டாயிரம் ஓடியது. முள் இரண்டாயிரம் என்றபோது எஞ்சின் அலறியது. சைக்கிளில் போனவர் இறங்கி ஓரமாக நின்றார். இரண்டாயிரத்து ஐந்நூறு. நிதானமாகக் கியர் மாற்றினார். அடுத்த கியரிலும் அதே அலறல். என் பல் கூசியது. அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சொல்லிவைத்தவன் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கவேண்டும். ஊதுகிறவன் பாடு என்னவென்று தெரிந்திருக்கும்.

"எப்படி மாப்ள? சரியா இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னால் இன்னும் ஒரு நாள். ஒரு நாள் போனால் வேலை போச்சு. சாயங்காலம் ஐந்தரை மணிப் பஸ் ஒன்றுதான் விடிவதற்குள் அங்கே சேரும். கண்ணாடியில் மனைவியைப் பார்த்தேன். அவளுக்கும் காது இருக்கிறதே. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரியா இருக்கு மாமா!" என்று கத்தினேன்.

வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அவர் இறங்கிப் போய் பானெட் மேல் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இறங்கப் பார்த்தேன். கை போன இடத்தில் கைப்பிடி இல்லை. பின்கதவு வழியாக இறங்கிய மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். கண்ணாடியைத் தட்டினேன். தட்டினால் அவருக்கு எங்கே கேட்கும்? வெயில் கண்ணாடி வழியாகத் தொடையில் இறங்கியது. டிரைவர் சீட் வழியாக ஏறிக் குதித்திருக்கலாம், எனக்கென்னவோ அது தோன்றவில்லை. நான்கு மாதம் இந்த சீட்டில் இந்த மனிதர் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார் என்பதுதான் தோன்றியது. அவர் சுற்றிவந்து திறந்தபோது என்னால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி சட்டைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் ஓடுமா அந்த எஞ்சின்?" என்று பையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"தெரியல."

"ஓட்டற ஆளுக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கணும்" என்றாள். அடுத்த சட்டையை எடுத்து மடித்தாள். சண்டை போட்டிருந்தால் பஸ் ஏறிப் போயிருப்பேன்.

மூன்றரை மணிக்கு பானெட்டைத் திறந்தேன். இரண்டு காயிலிலிருந்தும் ஒயர் எடுக்கவேண்டும். சும்மா சேர்த்து முறுக்கினால் இதன் மின்சாரம் அதற்குள் புகுந்து எஞ்சின் இருமும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு டயோடு வேண்டும். டயோடு என்றால் ஒருவழிப்பாதை, போனது திரும்பாது. ஞாயிற்றுக்கிழமை கடை ஏது? பழைய ரேடியோ ஒன்றை உடைத்து இரண்டு எடுத்தேன். ஈயம் வைத்துப் பற்றவைத்து, டேப் சுற்றி, எஞ்சினை எழுப்பினால் முள் பிணமாகக் கிடந்தது. இரண்டையும் திருப்பிப் போட்டிருந்தேன். என் தொழில் லட்சணம் அது. மறுபடி கழற்றி, மறுபடி பற்றவைத்தேன். விரலில் இரண்டு இடத்தில் சூடு.

"பஸ் போயிடும்ங்க" என்று மனைவி பையோடு வந்து நின்றாள்.

"போகட்டும்."

முள் எண்ணூறில் வந்து நின்றபோது மணி ஐந்து நாற்பது. பஸ் போய்ப் பத்து நிமிடம். நான் பக்கத்து சீட்டில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தேன். கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. சாத்திக்கொள்ளட்டும், இனி எங்கே இறங்கிப் போகப்போகிறேன் என்று இருந்தது. அழுகை வந்தது, அழுதேன்.

மாமனார் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். முள்ளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இப்பத்தான் சரியா இருக்கு" என்றார்.

நான் திரும்பினேன்.

"காலையில நின்ன இடத்துல நானூறு காட்டுச்சு. நானூறுல எந்த எஞ்சின் மாப்ள நிக்கும்? சைக்கிள்ல போனவர் பயந்து இறங்கி நின்னது என் கண்ணுக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் மாமா சொல்லல?" கத்தவேண்டும் என்பதையே மறந்துவிட்டேன். அவர் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.

"சொன்னா நீங்க போயிருப்பீங்களா? நீங்க ஒரு பொய் சொன்னீங்க, நான் அதை நம்பின மாதிரி நடிச்சேன். சரிக்குச் சரியாப் போச்சு, பஸ் ஏறிடுவீங்கன்னு நெனச்சேன். எஞ்சின் போனா போகுது, அது இரும்பு. உங்களுக்கு யாரு இப்ப இதையெல்லாம் சரிபண்ணச் சொன்னது?" குரல் கடைசியில் உடைந்தது. அவருக்கு அதுவும் கேட்டிருக்காது.

பின்சீட்டில் பை வந்து விழுந்தது. "பாலத்துக்கிட்ட டீக்கடையில அந்தப் பஸ் கால் மணி நேரம் நிக்கும்!" என்று வாசலில் நின்றபடியே மனைவி கத்தினாள். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "நிக்கும், நிக்கும், சீக்கிரம் போங்க!" என்றார்.

மாமனார் ஓட்டினார். இரண்டாயிரத்து ஐந்நூறு, கியர். இரண்டாயிரத்து ஐந்நூறு, கியர். எட்டு மாதம் ஓட்டாதவர் மாதிரியே இல்லை. பாலம் தெரிந்தது. பஸ் நின்றுகொண்டிருந்தது, ஆட்கள் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். அதன் பின்னால் ஒட்டி நிறுத்தினார்.

பையை எட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர்தான் சுற்றிவந்து திறக்கவேண்டும். அவர் இறங்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எண்ணூறில் நிற்கும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஹாரன் அடித்தது. எனக்குக் கேட்டது. நான் கூப்பிடவில்லை, தொடவில்லை. எத்தனை நாள் டயரை உதைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன், இன்றைக்கு அவர் முறை. பஸ் போனாலும் சரி என்று உண்மையாகவே இருந்தது.

இரண்டாவது ஹாரனுக்குப் பிறகு அவர் பெருமூச்சு விட்டு இறங்கினார். முன்பக்கமாக, மெதுவாகச் சுற்றிவந்தார். கதவைத் திறந்து, திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த தடவ வரும்போது இந்தக் கைப்பிடியப் பாத்துடுங்க மாப்ள" என்றார்.

ஓடிப்போய் ஏறினேன். கடைசி சீட்டுதான் காலி. பஸ் நகர்ந்தபோது பின்னால் கார் திரும்பி எதிர்த்திசையில் போவது கேட்டது. எஞ்சின் குரல் ஏறியது, ஏறியது. முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சரியான இடத்தில் கியர் விழுந்தது. அவருக்குக் கேட்காத அந்தச் சத்தத்தை, அது தேய்ந்து மறையும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.