கற்பூரம் குடித்த கரிப்பொடி

இரண்டு வருஷம் மாடாய் உழைத்துத் துர்கா சேர்த்த சொத்து ஒரு சிமிழ் கரிப்பொடி. பார்த்தால் அடுப்புக் கரிதான். ஆனால் அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத கார்பன் நானோகுழாய்கள். அதை நீளமான எஃகுக் குழாய்க்குள் அடைத்துக் கருவியில் மாட்டி, கலந்த வாயுக்களை ஒரு முனையில் செலுத்தினால், மறுமுனையில் ஒவ்வொன்றாகப் பிரிந்து வரவேண்டும். ஒவ்வொரு வாயு வெளிவரும்போதும் கருவியின் பேனா காகிதத்தில் ஒரு மேடு வரையும்; அதுதான் 'பீக்'. போன மாதம் ஒரு சிட்டிகைப் பொடியில் ஈத்தேனும் எத்திலீனும் சமர்த்தாகத்தான் பிரிந்தன.

அந்தத் தைரியத்தில்தான் பேராசிரியர் ஸ்ரீநிவாசராகவனிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பீக் தனித்தனியா காட்டும்மா. இல்லேன்னா இந்தப் பொடிய மறந்துட்டு, கடையில விக்கற ரெடிமேட் குழாய வாங்கிப் போட்டு வேலையப் பாரு" என்றுவிட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். தாம்பரம் ஆய்வுக்கூடத்தில் ஆயுத பூஜை வந்தது. கருவிக்கெல்லாம் சந்தனம், குங்குமம். மூடிக் கிடந்தால் சாமி எப்படிப் பார்க்கும் என்று, பொடியைத் தட்டில் பரப்பி, பொரித் தட்டுக்கும் கற்பூரத் தட்டுக்கும் நடுவில் வைத்தாள் புண்ணியவதி. பூஜை முடிந்ததும் அள்ளிக் குழாயில் அடைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. மேடவாக்கத்தில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்று நின்று வந்தவள், ஓடிப்போய் வாயுவைச் செலுத்தினாள். காகிதத்தில் இரண்டு மேடு வரவில்லை. ஒட்டிப் பிறந்த இரட்டைப் பிள்ளை மாதிரி ஒரே மேடு! மறுபடி செலுத்தினாள். அதே கதை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கு இப்ப மூஞ்ச தூக்கி வெச்சிகினு கீற? மொதல்ல துன்னு" என்று பக்கத்து மேஜை ஆராய்ச்சி மாணவன் ஜெரோம் பூஜைப் பொரியை நீட்டினான்.

ஒரு வாய் போட்டவள் முகம் சுளித்தாள். "சீ! ஒரே கற்பூர வாசன."

"பக்கத்துல வெச்சா பொரி இஸ்துக்கும்ல?"

துர்கா மெல்லுவதை நிறுத்தினாள். பொரியே இழுத்துக்கொண்டால், வாயுவைப் பிடித்து வைப்பதற்கென்றே செய்த பொடி சும்மாவா இருந்திருக்கும்? கற்பூரம் முழுக்க உட்கார்ந்துகொண்டால் ஈத்தேனுக்கு ஏது இடம்?

"அடப்பாவி! கழுதைக்குத் தெரியாத கற்பூர வாசன என் பொடிக்கு நல்லாத் தெரிஞ்சிருக்குடா!"

குழாயின் மறுமுனையைக் கழற்றிவிட்டு, ஹீலியத்தை ஓடவிட்டுக் கருவியின் சூட்டை ஏற்றினாள். சற்று நேரத்தில் அறையே மணத்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று அவளுக்கே கை பரபரத்தது. மணம் அடங்கும்வரை காத்திருந்து, ஆறவிட்டு, முனையை மாட்டி, மீண்டும் வாயுவைச் செலுத்தும்போது பேராசிரியரும் வந்து பின்னால் நின்றார்.

பேனா ஏறியது, இறங்கியது. அடிக்கோட்டைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறியது. இரண்டு மேடு! நடுவில் சுத்தமான இடைவெளி.

அவள் திக்கித் திணறிச் சொன்ன பூஜைக் கதையைக் கேட்டுப் பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் பொடியையே வெச்சுக்கோம்மா. அடுத்த வருஷமும் பூஜை போடு. சிமிழ மட்டும் திறக்காதே."

ஜெரோம் பொரியை நீட்டினான். அள்ளிப் போட்டுக்கொண்டவர் மெல்வதை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"அதச் சூடாக்கல சார்" என்றாள் துர்கா.