கீழ்வீட்டார் விழுங்க வேண்டிய மாத்திரை

பவளம் குடியிருப்பில் ஒருவர் சாப்பிடும் மருந்து இன்னொருவருக்குத்தான் வேலை செய்யும். சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் அதைச் சொல்லிவிட்டார். தண்ணீர் மோட்டார் காலை ஆறு மணிக்கு, குப்பை வண்டி ஏழரைக்கு, மருந்து வேறு வீட்டுக்கு. சோறு மட்டும் அவரவருக்கு. ரெனிட்டா தலையாட்டிவிட்டு, இரண்டு மாதக் குழந்தை மெரினோடும் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் கணவன் டெரிக்கோடும் மூன்றாம் மாடியில் குடியேறினாள்.

வலி பிரசவத்துக்குப் பிறகு வந்தது. டாக்டர் அவள் உடம்பில் பதினெட்டு இடங்களை விரலால் அழுத்திப் பார்த்தார். பதினெட்டிலும் அவள் "ஆ" என்றாள். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் சுத்தமாக இருந்தன. ஃபைப்ரோமயால்ஜியா என்று சீட்டில் எழுதி, நடக்கச் சொன்னார், நன்றாகத் தூங்கச் சொன்னார். "வேணும்னா மக்னீசியம் மாத்திரை எடுத்துப் பாருங்க" என்றார். எந்தக் குடியிருப்பு என்று அவர் கேட்கவில்லை.

குடிவந்த மூன்றாம் நாளே இரண்டாம் மாடிச் செல்வக்கனி அக்கா படியேறி வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஏட்டி, மூட்டு வலிக்கு முருங்கைக்கீரை சூப்பு மாதிரி வராது. தெனமும் ஒரு டம்ளர் குடி."

ரெனிட்டா குடித்தாள். மறுநாள் செல்வக்கனி அக்கா இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள்.

"பத்தரை மணிக்குக் குடிச்சேல்லா? எனக்குத் தெரியும்ட்டி. சம்மணம் போட்டு ஒக்காந்தேன், முட்டி மடங்கிட்டு."

இந்தக் கட்டிடத்தில் ஒருவர் உங்களுக்கு ஒரு வைத்தியம் சொன்னால், அது அவருக்குத் தேவைப்படுகிறது என்று அர்த்தம். அதை யாரும் ஒளிப்பதில்லை. பொதுவாக ஒருவர் மருந்து ஒரு வீட்டுக்குத்தான் போகும். ரெனிட்டாவின் மருந்தோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுக்குப் போனது. அதனால் அவள் வாசலில் எப்போதும் ஆள் நின்றது. மஞ்சள் பால் குடித்தால் நாலாம் மாடி இருமல் நின்றது. இஞ்சிச் சாறு குடித்தால் எதிர்வீட்டுக்காரர் ஏப்பம் விட்டார். அசுவகந்தாச் சூரணம் சாப்பிட ஆரம்பித்ததும், வருஷக்கணக்காகத் தூக்கமில்லாமல் கிடந்த சங்கச் செயலாளர் பாலையா சார், சங்கக் கூட்டத்திலேயே தூங்கி விழுந்தார். எல்லோரும் அவளை வாழ்த்தினார்கள்.

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. எனக்கு என்று கேட்கவும் வரவில்லை. பன்னிரண்டு வருஷம் கான்வென்டில் படித்தவள். சிஸ்டர் பேர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து நிற்க வேண்டும், கூப்பிடாவிட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் காலில் ஆணி குத்தியபோதுகூட மணி அடிக்கும்வரை உட்கார்ந்தே இருந்தாள்.

ஆனால் மெரின் வளர்ந்துகொண்டிருந்தாள். ஆறு கிலோ ஏழானது, ஏழு எட்டானது. ஒரு நாள் தூக்கும்போது ரெனிட்டாவின் முழங்கை தானாகவே துவண்டுவிட்டது. குழந்தை மெத்தையில்தான் விழுந்தது, சிரிக்கவும் செய்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் குழந்தையைத் தூக்கவில்லை. நீல பிளாஸ்டிக் டப்பில் துண்டு விரித்து, மெரினை அதற்குள் உருட்டிவிட்டு, கயிறு கட்டி அறைக்கு அறை இழுத்துக்கொண்டு போனாள். லிஃப்டிலும் அப்படியே. மெரினுக்கு அது பிடித்திருந்தது.

மணப்பாட்டிலிருந்து வந்த மாமியாருக்குப் பிடிக்கவில்லை.

"மீன் கூடையாடா இது?" என்று டெரிக்கைக் கேட்டாள். பிறகு ரெனிட்டாவின் தலையைத் தடவினாள். "ஒன்னக் குத்தம் சொல்லல மக்கா. ஒரு ஆறு மாசம் பிள்ள எங்கிட்ட வளரட்டும். அடுத்த ஞாயித்துக்கெழம கார் எடுத்துட்டு வாரேன்."

அன்பாகத்தான் சொன்னாள். அதனால் ரெனிட்டாவுக்கு இன்னும் பயமாக இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்து ஒரு வார்த்தையாவது பேசியிருக்கலாம்.

அவளுக்கு எந்த வீட்டிலிருந்து மருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும். விஷயம் கேள்விப்பட்ட பாலையா சார் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு ஏற்பாடு செய்தார். வீடு வீடாக ஒவ்வொருவரும் ஒரு மக்னீசியம் மாத்திரை விழுங்க வேண்டும். அந்த நேரத்தில் ரெனிட்டா கையைத் தூக்கிக் காலண்டர் ஆணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். திங்களன்று முதல் மாடி விழுங்கியது. எதிர்வீட்டுக் கிளி இறகைப் பிடுங்குவதை நிறுத்தியது. செவ்வாயன்று டெரிக் விழுங்கினான். நாலாம் மாடித் தையல் மெஷின் சத்தமில்லாமல் ஓடியது. செல்வக்கனி அக்கா ஒன்றுக்கு இரண்டாக விழுங்கியதில் லிஃப்ட் கதவு சிக்காமல் மூடிக்கொள்ள ஆரம்பித்தது. வியாழக்கிழமை மாலை பன்னிரண்டு வீடும் முடிந்தது. ரெனிட்டாவின் கை தோளுக்கு மேலே போகவில்லை.

"உங்க லைன் இந்தக் கட்டடத்துல இல்லம்மா. பழைய வீட்டுலயே விட்டுட்டு வந்துருப்பிய" என்றார் பாலையா சார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் மெரினை டப்பில் வைத்துக் கீழே இழுத்துக்கொண்டு போனாள். தரைத்தளத்தின் கிழக்கு மூலையில்தான் இளவெயில் விழும். அங்கே ஆறுமுகநயினார் அண்ணாச்சியின் வீடு. துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனி ஆள். காய்ச்சல் வந்தாலும் மருந்து எடுக்காமல் உட்கார்ந்தே கழிப்பவர் என்று பேர்.

அவர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே ஒரு குரோட்டன்ஸ் தொட்டி. மெரின் அதைப் பிடித்து இழுத்தாள். மண் சரிந்தது. உள்ளே ஒரு வெள்ளை மாத்திரை, ஓரம் மட்டும் கரைந்து கிடந்தது. செடி நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி நின்றது.

பதினோரு வீடு விழுங்கியிருக்கிறது. ஒரு வீடு விழுங்கவில்லை. ரெனிட்டா அதை இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாமலேயே, கதவைத் தட்டினாள்.

"அண்ணாச்சி, தொட்டியில மாத்திரை கெடக்கு."

"அது உரம்."

"கம்பெனி பேரு போட்ருக்கு அண்ணாச்சி."

அவர் வேட்டியைச் சரிசெய்தார். டப்பைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

"தொண்டைக்குள்ள போவாதும்மா. அஞ்சு வயசுலருந்தே அப்படித்தான். நாக்குல வச்ச ஒடனே பயம் வந்துரும். நாப்பது டன் கண்டெய்னரக் காத்தடிக்கையில எறக்கிருக்கேன். இந்தச் சுண்டைக்கா மாத்திரைய எறக்கத் தெரியல. வெளிய சொன்னா சிரிப்பானுவ. அதான் பாலையாட்ட முழுங்கிட்டேன்னேன்."

ரெனிட்டா சிரிக்கவில்லை. பயம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஞாயித்துக்கெழம பிள்ளையக் கூட்டிட்டுப் போயிருவாங்க அண்ணாச்சி" என்றாள். டப்பின் கயிற்றை விரலில் சுற்றினாள். "எனக்காக ஒண்ணு சாப்பிடுவியளா?"

அவர் போய் முற்றத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அதுதான் சம்மதம்.

டப்பில் மெரினின் கிண்ணமும் கரண்டியும் கோழிக்கூடு வாழைப்பழமும் இருந்தன. ரெனிட்டா கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கரண்டியின் முதுகால் நுணுக்கினாள். பழத்தைப் பிசைந்து இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதி மெரினுக்கு. மறுபாதியில் தூளைக் கலந்தாள்.

"மொதல்ல பாப்பா" என்று மெரினுக்கு ஒரு வாய் ஊட்டினாள். "இப்ப அண்ணாச்சி."

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். மெரின் வாயைத் திறக்கும் சத்தம் கேட்டு அவரும் திறந்தார். ஒரு வாய் அங்கே, ஒரு வாய் இங்கே. நடுவில் ஒருமுறை அவர் தலையைத் திருப்பினார். "காக்கா பாருங்க" என்றாள் ரெனிட்டா. பார்த்தார், விழுங்கினார். ஐந்தாவது வாயில் கிண்ணம் காலி.

அவர் துண்டால் வாயைத் துடைத்து முடிப்பதற்குள் அவளுடைய இடது தோள் இளகியது. அடுத்து வலது தோள். கழுத்து, இடுப்பு, முழங்கை என்று டாக்டர் அழுத்திய வரிசையிலேயே ஒவ்வொன்றாக அடங்கியது. பதினேழு வரை எண்ணினாள். வலது முழங்காலில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. அது இருக்கட்டும்.

அவள் குனிந்தாள். மெரின் கைநழுவி விழுந்த நாள் நினைவுக்கு வர, கை டப்பின் விளிம்பு வரை போய் நின்றுவிட்டது.

அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எழுந்தார். வலது கையை உயர்த்தி, சுட்டுவிரலை மேல்நோக்கி மெதுவாகச் சுழற்றினார்.

"ஏத்து... ஏத்து... அவசரமே கெடையாது. காத்து இல்ல. இன்னும் கொஞ்சம்." உள்ளங்கையை விரித்தார். "நிறுத்து. லோடு சரியா இருக்கு."

எட்டரைக் கிலோ. மெரின் அவள் தோளில் முகத்தைத் தேய்த்து, வாழைப்பழத்தை எல்லாம் சேலையில் அப்பினாள். ரெனிட்டா அந்த முற்றத்தில் வெகுநேரம் நடந்தாள். டாக்டரும் நடக்கத்தான் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்ததைப் பார்த்து மாமியார் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, இரண்டு தட்டு ஆப்பம் சாப்பிட்டு, சும்மா கிடந்த நீல டப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

"நல்ல டப்பால்லா இருக்கு. நான் கொண்டு போவட்டுமா?"

"கொண்டு போங்க மாமி."

வந்த வண்டி வெறுமனே திரும்பக் கூடாதென்று அதைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கு ரெனிட்டா விடியும்வரை ஒரே உறக்கமாக உறங்கினாள். மெரின் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் முறை. காலையில் இறங்கி வந்தபோது, அறிவிப்புப் பலகையில் பாலையா சாரின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்றாம் மாடியில் கண்ட கனவு தவறுதலாக இரண்டாம் மாடிக்கு வந்துவிட்டதாகவும், உரியவர் பத்து மணிக்குள் பாத்திரம் கொண்டுவந்து எடுத்துக்கொள்ளுமாறும் எழுதியிருந்தது.

மெரினை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, மூடி போட்ட தூக்குவாளியை மறு கையில் எடுத்துக்கொண்டு போனாள். செல்வக்கனி அக்கா சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தாள்.

"ஏட்டி, இந்த வாளியா? ஹால் பூரா ஒரே கடலாக் கெடக்கு. தண்ணியக்கூட மோந்துரலாம். கப்பல என்ன செய்ய? வாசல்ல குறுக்க நிக்கி."

ரெனிட்டா எட்டிப் பார்த்தாள். நடுத்தரமான கப்பல்தான். படிக்கட்டின் கைப்பிடிச் சுவருக்கு மேலே குனிந்து, கீழ்நோக்கிக் குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, ஒரு லோடு எறக்கணும். வாரியளா?"

"பழம் இருக்கா?" என்றார் அவர் கீழேயிருந்து.

"இருக்கு."

செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.