நாற்பது துடுப்புத் துண்டுகள்

படகிலிருந்து இறங்கும்போதே நெவென்காவின் முகம் சரியில்லை. விளக்குக் காவலர் பாஷ்கோ துறையிலிருந்தே அதைக் கவனித்துவிட்டார். இரண்டு வருடமாக ஓஷ்ட்ரா தீவுக்கு அவரைத் தேடி வந்த ஒரே ஆள் அவள்தான். மூன்று மாதத்துக்கொரு முறை ஸ்ப்ளிட் நகரத்திலிருந்து ஆய்வுப் படகில் வருவாள். கலங்கரை விளக்கு தானாகவே எரியத் தொடங்கியதும் கூட்டாளியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மற்றபடி தீவில் கல்லும் கடற்காக்கையும்தான். இரண்டுமே பேச்சுத் துணைக்கு லாயக்கில்லை.

அவள் கொடுத்த வேலை சின்னதுதான். கூடு இறக்கிக் களவா மீன் பிடிக்க வேண்டும். துடுப்பில் நகக்கண் அளவு வெட்டிச் சாராயக் குப்பியில் போட்டுவிட்டு, மீனைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். மொத்தம் நாற்பது குப்பி; போன தடவைதான் எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிப் போனாள். அந்தத் துண்டுகளின் மரபணுவைப் படித்தால், இந்தப் பாறை மீன்களுக்கும் பக்கத்து லாஸ்டோவோ தீவு மீன்களுக்கும் கொண்டான் கொடுத்தான் உண்டா, இல்லை இவை தனிக்குடியா என்று தெரிந்துவிடுமாம். "மீனுக்குச் சாராயம், எனக்குப் பச்சைத் தண்ணியா?" என்று பாஷ்கோ முதல் நாளே கேட்டுவிட்டார். அடுத்த முறை ராக்கியா என்ற பழச்சாராயம் ஒரு புட்டி வந்தது.

இன்று புட்டி இல்லை. கையில் காகிதம்தான் இருந்தது.

"பர்பா," என்றாள். அந்தக் கரையில் வயசான கடலாளிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "என்னை என்ன இளிச்சவாய்னு நினைச்சீங்களா?"

"என்னம்மா, வந்ததும் வராததுமா? உட்காரு. கீரையும் உருளைக்கிழங்கும் வேக வெச்சிருக்கேன்."

"சாப்பாடு கிடக்கட்டும். நாப்பது குப்பியையும் படிச்சாச்சு. உள்ள இருக்கிறது மூணே மூணு மீன்! மூணைப் பிடிச்சுக் கட்டி வெச்சுக்கிட்டு, ஒரே நாள்ல கூறு போட்டுக் குப்பியை ரொப்பிட்டீங்க. திருட்டு வேலை! எல்லாத்தையும் தூக்கிக் கொட்டிட்டு முதல்லேருந்து எடுக்கணும். உங்களை நம்பி இல்லை. நானே வந்து, மாசக்கணக்கா இங்க கூடாரம் போட்டு உட்காரப் போறேன்."

மனுஷன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். தலையை லேசாக ஆட்டியிருந்தாலே போதும், மாதக்கணக்கில் ஒரு குரல் கேட்டிருக்கும், எதிரில் உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் இருந்திருக்கும். ஆனால் திருட்டு என்ற சொல் சுருக்கென்று தைத்துவிட்டது. நாற்பது வருடம் கடலில் கிடந்தவருக்கு ரோஷம் மட்டும் குறைவில்லை.

"திருடனா நானு? ஏறு படகுல!"

வடக்குப் பக்கம் போய்க் கூட்டின் கயிற்றை இழுத்தார். உள்ளே ஒரு களவா, உதடு கிழிந்தது. ஈரத்துணியில் சுற்றி அவள் மடியில் போட்டார்.

"முதுகுத் துடுப்பைப் பாரு. நல்லாப் பாரு."

நெவென்கா விரலால் தடவிப் பார்த்தாள். முழுக்க ஆறி வளர்ந்துவிட்ட வெட்டு, பாதி வளர்ந்தது, இப்போதுதான் வளரத் தொடங்கியிருப்பது. ஒரு நாளில் வெட்டியதாக இருந்தால் எல்லாம் ஒரே மாதிரி ஆறியிருக்கும். அவள் எண்ணினாள், பதினாலு. எண்ண எண்ணக் கோபம் வடிந்து, முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

"ஒவ்வொரு தடவையும் விட்டுட்டீங்களா?"

"நீ விடச் சொன்னே, விட்டேன். தீவைச் சுத்தி நாலு பக்கமும் கூடு போட்டேன். ஆழத்துலயும் போட்டேன், கரை ஓரத்துலயும் போட்டேன். இந்த உதடு கிழிஞ்சவ, ஒரு ஒத்தைக்கண்ணி, ஒரு குட்டச்சி. இதுங்கதான் மாத்தி மாத்தி வரும்."

"தெரிஞ்சுமா சொல்லலை?"

"மூணுதான்னு சொன்னா, வேலை முடிஞ்சுதுன்னு நீ போயிடுவியே," என்றார். சொல்லி முடித்த பிறகுதான், அவள் போவதற்குத் தாமே வழி செய்துவிட்டது அவருக்கு உறைத்தது.

நெவென்கா மீனைத் தண்ணீரில் விட்டாள். "அப்ப இந்தப் பாறையில இருக்கிறதே மூணுதான் பர்பா. மூணும் கூடப் பிறந்ததுங்க. நீரோட்டத்தோட வெளியிலேருந்து ஒரு குஞ்சுகூட வந்து சேர்ந்த மாதிரி தெரியலை. லாஸ்டோவோ பக்கத்துலதான் இருக்கு, அங்கேருந்தும் இல்லை."

"இனிமேயாவது வருமா?"

"எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை."

பாஷ்கோ வலித்துக்கொண்டிருந்த துடுப்பைப் படகுக்குள் இழுத்துப் போட்டார். "நான் ஏமாத்தினேன்னே எழுதிடேன். கிழவன் கேடி, குப்பி எதுவும் செல்லாது, மறுபடியும் எடுக்கணும்னு எழுது. எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. கூடாரம்கூட வேணாம், மேல ஒரு அறை சும்மாதானே கிடக்கு."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "கண்ணால பார்த்துட்டேனே பர்பா. எப்படிப் பொய் எழுதுவேன்?"

"அதுவும் சரிதான்," என்றார் பாஷ்கோ.

கீரையை இருவரும் சாப்பிட்டார்கள். ஸ்ப்ளிட்டுக்கு வந்தால் வீட்டுக்கு வரவேண்டும் என்று அவள் இரண்டு முறை சொன்னாள். அவர் இரண்டு முறையும் தலையாட்டினார். அடுத்து எப்போது வருவாய் என்று இந்தத் தடவை அவர் கேட்கவில்லை. படகு மறைந்தும் வெகுநேரம் துறையிலேயே நின்றார். தனிமை அவருக்குப் பழகின சங்கதிதான், ஆனாலும் அன்றைக்குப் பொறுக்க முடியவில்லை.

மறுநாள் காலை ஒரு மத்தி மீனை இரையாகக் குத்தி, கூட்டை இறக்கினார். வெட்ட வேண்டிய துண்டும் இல்லை, நிரப்ப வேண்டிய குப்பியும் இல்லை. மத்தியானம் இழுத்துப் பார்த்தபோது உதடு கிழிந்ததுதான் உள்ளே இருந்தது.

"வந்துட்டியாடி," என்றார். "வா, வா. நமக்கு வேற யாரு இருக்கா."