நாற்பத்தொன்றாம் விமானத்தின் முதுகுத் தகடு

"நில்லுங்க. இப்பத் தூக்க வேண்டாம்."

பெட்டியைத் தூக்கக் குனிந்த ஆறு பேரும் அப்படியே நின்றார்கள். முன்னறை வாசலை மறித்துக்கொண்டு ஹெஸ்டர் நின்றாள். பெட்டிக்குள் இருந்தது அவள் அப்பா ஆமோஸ் புல்லன். விஷக்காய்ச்சல் வந்த நாலாம் நாள் போய்விட்டார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்த அக்டோபரில் ஊரில் சாவுக்குப் பஞ்சமே இல்லை. தூக்க வந்தவர்கள் விமானத் தொழிற்சாலையில் அவரோடு தகடு பொருத்தியவர்கள். தகடு ஷெட்டில் காய்ச்சலுக்குத் தப்பியதே இந்த ஆறு பேர்தான்.

"என்னம்மா இது?" என்றார் ஆறு பேரில் ஒருவரான போர்மேன் பெல்லமி. "பதினோரு மணிக்குப் பாதிரியார் கல்லறையில காத்துக்கிட்டு நிப்பாரு."

"நாப்பத்தொண்ணாம் நம்பர் மிஷின் இன்னும் ஷெட்டுலதானே இருக்கு?"

"மத்தியானம் லாரியில ஏறுது. அதுக்கென்ன இப்ப?"

"அதோட முதுகுத் தகட்டை அப்பா நெருப்புல காட்டிட்டாரு."

அதன் அர்த்தத்தை அந்த ஆறு பேருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தொழிற்சாலையில் செய்த இரட்டை இறக்கை விமானம் எதிரியின் பதுங்குகுழிகளுக்கு மேலே மர உயரத்தில் பறந்து சுடுவதற்கென்றே பிறந்தது. கீழே இருப்பவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டா இருப்பான்? அதனால்தான் விமானியைச் சுற்றி எஃகுத் தகட்டால் ஒரு கூடு; அவன் முதுகுக்குப் பின்னால் நிற்பதுதான் முதுகுத் தகடு. எஃகைக் கெட்டியாக்கப் பதமேற்றும்போது சில தகடு கோணிக்கொள்ளும். கோணினால் திருப்பி அனுப்ப வேண்டும். சூடு காட்டினால் பதம் போய்விடும், பிறகு அது குண்டு தாங்காத வெறும் தகரம். ஆமோஸுக்கு இது தெரியாதா என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் அது இருபத்தைந்து வருஷம் கொதிகலன் செய்த கை, படியாத தகட்டை நெருப்பில் காட்டிப் பணியவைத்தே பழகிய கை. போன வெள்ளிக்கிழமை உடம்பு அனலாய்க் கொதிக்க, வேலை முடிகிற நேரத்தில் கை தன் புத்தியைக் காட்டிவிட்டது.

சாவதற்கு முந்தின சாயங்காலம் அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "சூடு காட்டிட்டேன்... முதுகுல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஜன்னி என்றுதான் ஹெஸ்டர் நினைத்தாள். சற்றுமுன், தூக்க வந்தவர்களில் நெட் என்பவன், துக்க வீட்டில் யாராவது நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமே என்று, "புல்லன் அண்ணன் கைக்கு ஈடாகுமா? எங்ககிட்ட எல்லாத் தகடும் மல்லுக்கட்டும். நாப்பத்தொண்ணுல அவர் போட்டது மட்டும் வெண்ணெயா உக்காந்துது" என்றான். அப்பா சொன்னது ஜன்னி இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அம்மா லிடியா எழுந்து வந்தாள். "வாயை மூடுடி. உங்கப்பா முகத்தை மூடி முழுசா ஒரு மணி ஆகல. அதுக்குள்ள அவர் பேர்ல சேத்தை அள்ளிப் பூசறியா? அவர் வேலையில எவனாவது ஒரு குத்தம் சொல்லியிருக்கானா?"

"அதுல உக்காந்து போறவன் எவ பெத்த பிள்ளையோம்மா."

"நான்தான் பாத்துக் கையெழுத்துப் போட்டேன்," என்றார் பெல்லமி மெதுவாக. "முதல்ல அடக்கம் முடியட்டும். சீட்டெழுதி ஆளனுப்பி லாரியை நிறுத்தச் சொல்றேன்."

"லாரியில வர்ற ராணுவத்து ஆளு உங்க சீட்டைப் பாத்து நிப்பானா? பிரிச்சுப் போட்டாத்தான் மிஷின் நிக்கும். பிரிக்க ஆறு பேர் வேணும். ஆறு பேரும் இங்கதான் இருக்கீங்க."

"பதினோரு மணியை விட்டா எப்ப குழி கிடைக்குமோ, தெரியாதும்மா."

"அப்பா காத்திருப்பாரு. லாரி காத்திருக்காது."

பெல்லமி பெட்டியைப் பார்த்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வாங்கடா," என்றார்.

லிடியா மகளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

ஷெட்டில் பெல்லமி முதுகுத் தகட்டின் சாயத்தைச் சுரண்டி அரத்தை வைத்து இழுத்தார். பதமுள்ள எஃகில் அரம் வழுக்கும். இங்கே கடித்தது, சாம்பல் நிறத் தூள் உதிர்ந்தது. மறுபடி இழுத்தார். மறுபடியும் கடித்தது.

"அடக் கடவுளே," என்றான் நெட். "இதைத்தானா நான் வெண்ணெய்னு சொன்னேன்!"

மரையாணிகளைக் கழற்றினார்கள். லாரிக்காரன் வந்து திட்டினான். பெல்லமி அதைவிடச் சத்தமாகத் திட்டினார். முதலில் கொண்டுவந்த புதுத் தகடும் கோணல். அதைத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தார்கள். அது பிடிவாதம் பிடித்துத்தான் உட்கார்ந்தது. ஹெஸ்டர் இறக்கைக்குத் துணி தைப்பவள். தகட்டு வேலை தெரியாது. விளக்கைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றாள்.

பதிவேட்டைத் திறந்த பெல்லமி தயங்கினார். "தகடு கோணல்னு எழுதிடலாம்மா. அது போதும்."

"சூடு காட்டினதுன்னு எழுதுங்க. பொருத்தினது ஆமோஸ் புல்லன்னும் எழுதுங்க. இங்க பாதிப் பேர் கொதிகலன் வேலையிலேர்ந்து வந்தவங்கதானே? அவங்க கையும் அதே கைதான். இதைப் படிச்சாத்தான் நெருப்புக்குப் போகாது."

அவர் எழுதினார். கீழே, சரிபார்த்து விட்டது நான் என்று தன் பெயரையும் எழுதினார்.

வீடு திரும்பியபோது மூன்றரை மணி. துக்கத்துக்கு வந்தவர்கள் போய்விட்டிருந்தார்கள். அவர்களுக்கென்று வெட்டி வைத்த பன்றியிறைச்சியைத் துணி போட்டு மூடிவிட்டு லிடியா பெட்டியருகே தனியாக உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு ஒரு குழி இருக்கிறது, தவறினால் திங்கட்கிழமைதான் என்று பாதிரியார் சொல்லியனுப்பியிருந்தார்.

"எழுதியாச்சா?" என்று கேட்டாள்.

"எழுதியாச்சும்மா."

"அவர் பேரையா?"

"ஆமா."

லிடியா எழுந்தாள். கொல்லைக் குழாய்க்குக் கை கழுவக் கிளம்பிய ஆறு பேரையும் கூப்பிட்டாள்.

"எங்க போறீங்க? அந்தப் பிசுக்கு பச்சைத்தண்ணியில போகாது. நேரமாச்சு, அப்படியே தூக்குங்க."

அந்த ஊரில் பெண்கள் கல்லறைக்குப் போவதில்லை. லிடியா தன் கறுப்புத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் இறங்கி நடந்தாள். ஹெஸ்டர் ஓடி வந்து சேர்ந்துகொண்டாள்.

வார்னிஷ் பூசக்கூட நேரமில்லாமல் தச்சன் அனுப்பிய வெளிறிய மரப்பெட்டி. அதன் பக்கமெல்லாம் ஐந்து விரலும் தெரிய எண்ணெய்க் கைகள் பதிந்திருந்தன. ஹெஸ்டர் கைக்குட்டையை எடுத்துத் துடைக்கப் போனாள்.

லிடியா அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தாள்.