கீச்சு வாத்து

பையைத் திறக்கக் கூடாது. அந்த மருத்துவமனையின் கொதிகலன் அறையில் கண்டிப்பான சட்டம் அது ஒன்றுதான். வார்டுகளில் சேரும் பிளாஸ்டிக் குப்பையைக் கட்டி அனுப்புவார்கள். அப்படியே உலையில் போட வேண்டும். அந்தச் சூட்டில்தான் மாடி முழுக்கச் சுடுதண்ணீர் போகிறது. பாய்லர்காரர் இத்தனை வருஷத்தில் ஒரு முடிச்சைக்கூடத் தொட்டதில்லை.

இன்று காலை வந்த பைகளில் ஒன்றில் குழந்தைகள் வார்டுச் சீட்டு, அவர் மகளின் கட்டில் எண்ணோடு. உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் அலகு முட்டிக்கொண்டு தெரிந்தது. அமுக்கினால் கீச்சென்று கத்தும் வாத்து. அதை வைத்துக்கொண்டு அவள் வார்டையே ஒரு வழி பண்ணியிருந்தாள். ஊசியோடு யார் வந்தாலும், "மொதல்ல இவனுக்குப் போடுங்க" என்பாள். போன வாரம் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. தொற்று என்று அவள் தொட்டதையெல்லாம் கட்டிவிட்டார்கள்.

மனைவி அன்றிலிருந்து கேட்பது ஒன்றுதான். "சட்டை வேணாம், செருப்பு வேணாம். வாத்து மட்டும் வேணுங்க. அதுல அவ பல்லுத் தடம் இருக்கு." இன்று கூடவே வந்து வாசலில் காத்திருக்கிறாள்.

அவர் பையைச் சுவரோரம் ஒதுக்கி வைத்தார். கூட வேலை செய்பவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவார். பையைத் திறக்க அனுமதி கேட்டு மாடிக்கு ஓடினார்.

தலைமை நர்ஸ் முடியவே முடியாது என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "சரிங்க. கையுறை போட்டு அதை மட்டும் எடுத்துட்டு வாங்க. மருந்துத் தண்ணில ஊறவச்சுத் தர்றேன்."

படியிறங்கும்போது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பாவம், அந்த நேரத்தில் மனுஷன் சந்தோஷமாகவே இருந்தார்.

சுவரோரம் பை இல்லை. கூட்டாளி உலைக் கதவைச் சாத்திவிட்டு நின்றான். கண் சிவந்திருந்தது.

"சீட்டைப் பாத்தேண்ணே. நம்ம பாப்பா கட்டிலு. பெத்தவர் கையால போட வேணாம்னு நானே போட்டுட்டேன்."

இவ்வளவு பெரிய நல்லதை அவருக்கு யாரும் செய்ததில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நல்லதுப்பா" என்றார்.

பிரசவ வார்டிலிருந்து போன் அடித்தது. சுடுதண்ணீர் வந்துவிட்டதா, குழந்தைகளைக் குளிப்பாட்டலாமா என்று கேட்டார்கள்.

"குளிப்பாட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தார்.

மனைவி தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டாள். தன் கைப்பையிலிருந்து, துவைத்து மடித்த வெள்ளைத் துண்டொன்றை அவசரமாக எடுத்து, இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்தாள்.