கண்ணாடிப் பெட்டிக்குள் பத்துப் பக்கம்

பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கையை மாணவர்களும் ஊழியர்களும் சுலபமாகப் படிக்கும்படி வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்ததும், கல்லூரி அதை ஒரே நாளில் நிறைவேற்றிவிட்டது. முதல் மாடி நடையில், தாவரவியல் துறைத் தலைவரின் அறைக்கு நேர் எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட அறிவிப்புப் பெட்டி ஒன்றை மாட்டினார்கள். பத்துப் பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் ஓரத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, பெட்டியைப் பூட்டினார்கள். வெளியே நின்று பார்த்தால் முதல் பக்கம் மட்டும் தெரியும். கல்லூரி முத்திரை, பெண்களை மதிப்பது பற்றி இரண்டு பத்தி, அடியில் 'புகார் செய்யும் முறை: பக்கம் ஏழு' என்று ஒரு வரி.

அந்த ஏழாம் பக்கம்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அவள் அந்தத் துறையின் ஆய்வு மாணவி. துறைத் தலைவர்தான் அவளுடைய நெறியாளர். கல்லூரி முழுக்க அவரை மிட்டாய் சார் என்பார்கள். சட்டைப்பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பார். காவலாளியிலிருந்து முதல்வர் வரைக்கும் அதை வாங்கி வாயில் போடாதவர் கிடையாது. அப்படிப்பட்ட நல்ல மனுஷர்தான், தேர்வு விடுமுறையில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பகலில், துறை லேபில் விதைகள் வைத்திருக்கும் குளிரறைக்குள் அவள் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார். அவள் கையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடிவந்தபோது கையிலிருந்த கண்ணாடித் தட்டு விழுந்து உடைந்தது. மறுநாள் அவர் எல்லோர் முன்னாலும் கேட்டது அந்தத் தட்டைப் பற்றி மட்டும்தான்.

அவளுக்கு முன்பே பேச்சு குறைவு. அதன் பிறகு அதுவும் நின்றுபோனது. அண்ணியிடம் மட்டும் பாதி சொன்னாள். அண்ணி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு, ஆய்வை முடித்துப் பட்டத்தை வாங்கு, ஊர் வாயில் விழாதே என்றாள். அண்ணி கெட்டவள் இல்லை. பயந்தவள்.

கல்லூரி இணையதளத்தில் அந்தக் கொள்கையைத் திறந்தால் ஊழியர்களுக்கான கடவுச்சொல் கேட்டது. ஒருநாள் துணிந்து பெட்டி முன்னால் போய் நின்றாள். முதல் பத்தியை முடிப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு ஜூனியர் பையன், "என்னக்கா, யாரைப் போட்டுக்கொடுக்கப் போறீங்க?" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்று முழுக்க அந்தச் சிரிப்பு முகத்தில் காய்ந்த பசைபோல ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நடையில் நின்று அதைப் படிப்பதே புகார் கொடுப்பதற்குச் சமம். அதற்குப் பிறகு அந்த இடத்தைக் குனிந்த தலையோடு கடந்தாள்.

கடைசியில் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த கிளார்க் அம்மாவிடம், பெட்டியின் சாவி கிடைக்குமா என்று கேட்டாள்.

"சாவி உங்க சார்கிட்டதான் இருக்கு. மாடியில இருக்கற போர்டெல்லாம் அவர் பொறுப்பு. எதுக்கும்மா?"

அவள் சும்மாதான் என்று சொல்லத்தான் வந்திருந்தாள். வாய் வரவில்லை. கிளார்க் அம்மா தட்டச்சை நிறுத்தினார். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு அவள் கைகளைப் பார்த்தார், பிறகு எழுந்து செருப்பை மாட்டினார்.

இன்ஸ்பெக்‌ஷன் வருது, கண்ணாடி துடைக்கணும் என்று சாரிடம் சொல்லிச் சாவியை வாங்கிவந்தார். கையில் ஒரு பழந்துணியும் இருந்தது. பெட்டியைத் திறந்துவிட்டு அவளை மறைத்தாற்போல நின்று துடைத்தார். அவள் பக்கங்களை மேலே தூக்கி ஏழாம் பக்கத்தைப் பிடித்தாள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். அப்படியென்றால் இந்த வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. அடுத்த வரியை இரண்டு முறை படித்தாள். ஆய்வு மாணவர்கள் தங்கள் புகாரை நெறியாளரின் பார்வைக்கு வைத்து, அவர் வழியாகவே அனுப்ப வேண்டும்.

கிளார்க் அம்மாவும் எட்டிப் படித்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "லீவு லெட்டர் விதியில இருந்து அப்படியே எடுத்து ஒட்டிட்டாங்கம்மா. ஒருத்தரும் திரும்பப் படிச்சிருக்க மாட்டாங்க."

அப்போது எதிர் அறைக் கதவு திறந்தது. மிட்டாய் சார் வந்து நின்று, அவள் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டார். நடை முழுக்க வெளிச்சமானது.

"இருட்டுல படிச்சா கண்ணு கெட்டுடும்மா" என்றார். உள்ளே போய்விட்டார்.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. அன்று பிற்பகல் நூலகத்தில் உட்கார்ந்து, நடந்ததை ஒரே பக்கத்தில் எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனபோது கதவை அகலத் திறந்து வைத்தாள். நாற்காலியில் உட்காரவில்லை. அவர் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிதானமாகப் படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

அவளுடைய ஒவ்வொரு அத்தியாயத்தையும் திருத்துவதைப் போலவே அதையும் திருத்தினார். அவள் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா காகிதத்தில் உரசும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. 'கதவைச் சாத்தினார்' என்பதை அடித்து, 'கதவு சாத்தியிருந்தது' என்று போட்டார். 'கையைப் பிடித்து இழுத்தார்' என்பதன்மேல் கோடு இழுத்து, 'கை பட்டதாக எனக்குத் தோன்றியது' என்று எழுதினார். ஓரத்தில், 'ஆதாரம்?' என்று கேட்டிருந்தார். தாளை நீட்டினார்.

"நல்லா எழுதியிருக்க. இதை சரிபண்ணி, புதுசா எழுதிக் கொண்டா. அப்புறம் கையெழுத்துப் போடறேன். அவசரம் இல்ல, திங்கக்கிழமை பாக்கலாம்."

நான்கு வருடமாக இந்த அறையிலிருந்து அவள் இப்படித்தான் வெளியே போயிருக்கிறாள். சரி சார் என்பாள், போய்ப் புதிதாக எழுதிக்கொண்டு வருவாள். இப்போதும் நாக்கு நுனிவரை அந்தச் சரி வந்துவிட்டது. அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. விழுங்கினாள். தாளை வாங்கிக்கொண்டு, படி இறங்கி, நேராக அலுவலகத்துக்குப் போய்க் கிளார்க் அம்மாவின் மேசைமேல் வைத்தாள்.

"இதையேவா? புதுசா எழுதலையா?"

"எழுதலைம்மா. அவர் பாத்துட்டார். பாத்தது அதுலயே இருக்கு. இப்படியே வாங்கிக்குங்க."

கிளார்க் அம்மா சிவப்பு வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். அந்த எழுத்தை அவர் பல வருடமாகக் கோப்புகளில் பார்த்தவர். அடித்த வார்த்தைகள் கோட்டுக்குக் கீழே தெளிவாகவே தெரிந்தன. முத்திரையை எடுத்து, தேதியைச் சரிபார்த்து, தாளின் மூலையில் அழுத்தினார். புகார் கமிட்டிக்குப் போகும் கோப்பில் வைத்தார்.

"கமிட்டி இதை ஏத்துக்குமான்னு எனக்குத் தெரியாது" என்றார். "ஆனா நாளையிலேருந்து உன்னை அந்த லேபுக்குள்ள விடமாட்டாங்கம்மா. அது உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்று தலையசைத்தாள். குளிரறையில் அவளுடைய நான்கு வருட ஆய்வின் விதைகள் இருந்தன. வேறு யாருக்கும் அவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது.