கையெழுத்துப் போடாத படிவம்

மடக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்த நீலப் பையை லாய் அம்மாள் காலாலேயே வெளியே தள்ளினாள்.

"இதையும் பாருங்க சார். எங்க வீடுதான், யாரையும் கேக்க வேண்டியதில்ல."

காவலர் ச்வாங் குனிந்தார். படுக்கையில் கிடந்த கிழவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த யாத்தி, கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

அவள் ஜாவாவிலிருந்து தைவானின் தைனான் நகருக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. லாய் அம்மாளின் மாமனாரைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. தூக்கமும் அவர் பக்கத்திலேதான். அவளுக்கென்று ஓர் அறையில்லை, கதவில்லை. அந்தப் பை மட்டும் இருந்தது. மாதம் ஒருமுறை லாய் அம்மாள் அதையும் கிளறிப் பார்ப்பாள். வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வரும் பெண்களின் பையை வீட்டுக்காரர்கள் சோதிப்பது அந்தத் தெருவில் வழக்கம். அதைத் தப்பென்று யாரும் நினைத்ததில்லை.

நேற்று லாய் அம்மாளின் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஒரு மாதம் நிறைந்த விருந்து இந்த வீட்டில் நடந்தது. குழந்தைக்குப் போட்ட பொன் மோதிரத்தைக் காலையில் காணவில்லை. விருந்துக்கு நாற்பது பேர் வந்து போயிருந்தார்கள். லாய் அம்மாளுக்கு யாத்தியின் நினைப்பு மட்டும்தான் வந்தது.

"சார், அது என் பை," என்றாள் யாத்தி. குரல் நடுங்கியது. "என்னைக் கேளுங்க."

லாய் அம்மாள் சிரித்தாள். "சோறு என்னோடது, கூரை என்னோடது. பை மட்டும் உன்னோடதா?"

ச்வாங் நிமிர்ந்தார். இருபது வருடத்தில் இப்படி எத்தனையோ பைகளை அவர் திறந்திருக்கிறார். எந்தப் பெண்ணும் இதைச் சொன்னதில்லை. சங்கடத்தோடு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, லாய் அம்மாளுக்கு விளக்கினார். யாருக்காவது உயிராபத்து என்றாலோ ஒருவரைக் கைது செய்யும்போதோ உத்தரவில்லாமல் சோதிக்கலாம்; இங்கே அப்படி ஒன்றும் இல்லை. வீட்டைக் காட்ட வீட்டுக்காரி சம்மதிக்கலாம். அடுத்தவள் பைக்குச் சம்மதிக்க முடியாது. நீதிமன்ற உத்தரவு வேண்டும், இல்லையென்றால் பைக்குரியவளின் கையெழுத்து வேண்டும்.

சம்மதப் படிவம் ஒன்றை யாத்தியிடம் நீட்டினார்.

"போட்டுட்டா இப்பவே முடிஞ்சிரும்மா."

"போடலைன்னா நான் திருடியா சார்?"

"இல்ல. போடாம இருக்கிறது உன் உரிமை."

"அப்ப போடல."

ச்வாங் படிவத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

லாய் அம்மாள் கூப்பிட்டு அரைமணியில் ஏஜெண்ட் கௌ வந்தான். யாத்தியை இந்த வீட்டில் வேலைக்கு வைத்தவன். அவன் எந்தப் படிவமும் கொண்டுவரவில்லை. யாத்தி குறுக்கே நின்றும் அவளை விலக்கிவிட்டு, பையைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தான். இரண்டு சட்டை, உள்ளாடைகள், வெள்ளைத் தொழுகை உடுப்பு, பள்ளிச் சீருடையில் மகள் நிற்கும் படம். ஒவ்வொன்றையும் உதறிப் பார்த்தான். கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மறைக்க அந்தப் பையில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் உடம்பிலிருந்த துணியை உருவினாற்போல யாத்தி கூசி நின்றாள்.

அப்போது லாய் அம்மாளின் மகள் தன் வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். மோதிரம் குழந்தையின் போர்வை மடிப்பில் சிக்கியிருந்ததாம்.

லாய் அம்மாளுக்கு உயிர் வந்தது. கௌவை உட்காரச் சொல்லித் தேநீர் ஊற்றினாள். பிறகு அறைப்பக்கம் திரும்பி, "எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு சமையலைப் பாரு, நேரமாச்சு," என்றாள்.

யாத்தி ஒரு துணியைக்கூட எடுக்கவில்லை. கைப்பேசியை மட்டும் எடுத்தாள்.

கௌ இரண்டாவது கோப்பையைக் குடித்து முடிப்பதற்குள் ச்வாங் மறுபடி வாசலில் நின்றார். லாய் அம்மாள் சிரித்த முகமாக எழுந்துபோனாள். மோதிரம் கிடைத்துவிட்டது, வீணாக அலைய வைத்துவிட்டோம் என்றாள்.

"என்னைக் கூப்பிட்டது நீங்க இல்லீங்களே," என்று சொல்லிவிட்டு ச்வாங் உள்ளே பார்த்தார். இறைந்து கிடந்த துணிகளுக்கு நடுவே யாத்தி நின்றிருந்தாள்.

"மோதிரந்தான் கிடைச்சிருச்சே, இன்னும் உனக்கு என்ன?" என்றாள் லாய் அம்மாள்.

"என் புகார் மோதிரத்தைப் பத்தி இல்லம்மா." யாத்தி ச்வாங்கைப் பார்த்தாள். குரல் இப்போது நடுங்கவில்லை. "என்னைக் கேக்காம என் பையத் திறந்தவரு இங்கதான் உக்காந்திருக்காரு சார். எழுதிக்கங்க. கையெழுத்து நான் போடறேன்."